கட்டியவர் கூடப் போவதில்லை

புதன்கிழமை

தம்பி விமானப்படையில் சரக்கு ஏற்றுகிறான் என்பது மட்டும்தான் இதுவரை எனக்குத் தெரியும். இன்று லீவில் வந்தவனை ஜவ்வரிசி மில்லுக்குக் கூட்டிப்போனேன். எங்கள் லாரிக்குப் பூனா லோடு ஏறிக்கொண்டிருந்தது. போனவுடன் கயிறு ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்தான். லோடுமேன் ராசு அண்ணனுக்குச் சுருக்கென்றது.

"நாங் கட்டுனா பூனா வரைக்கும் அசையாதுங்க."

"அதில்லீங்கண்ணா, நீங்களும் வண்டியிலயே போவீங்களா?"

"நா எதுக்குங்க போறேன்? அடுத்த லோடு நிக்குதில்ல."

தம்பிக்கு அது ஆச்சரியம். அவர்கள் விமானத்தில் கட்டியவனே சரக்கோடு லடாக் வரை பறக்க வேண்டுமாம்.

"லடாக் மலைக்கு மேல போறப்ப என்னடா தெரியும்?" என்றேன்.

"நாங் கட்டுன கட்டுதானுங்கக்கா தெரியும்."

பதினாறு வருஷமாக என் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார். கட்டியது யார் என்று ஒருநாளும் நான் கேட்டதில்லை.

சாயங்காலம் இவர் வண்டியை எடுக்கும்போது ராசு அண்ணன் ஓடிவந்து நிறுத்தினார். பின்கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினார். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

தளர்ந்திருந்ததா, தம்பி கேட்டதற்காகவா? ராசு அண்ணனிடமே நான் கேட்டிருக்கலாம். இந்நேரம் இவர் ஓசூரைத் தாண்டியிருப்பார்.