பக்கத்துக் கதிரை

தனுஷியா அப்பாவுக்கு, குவைத்துல நான் நல்லா இருக்கேங்க. உங்க இருமல் எப்பிடி?

கருப்பாயி அக்கா மாதிரி சிங்களம் தெரியாத தோட்டத்து லயத்து ஆட்களுக்கு டாக்டர்கிட்ட பேசிக் குடுக்க, நம்ம பிள்ளை டியூசன விட்டுட்டு இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்குப் போறாள்னு ஏசினீங்களாமே. "அப்பா ஆசைப்பட்ட மார்க்ஸ் வரலம்மா"ன்னு போன்ல அழுதா. அவள டீச்சராக்க எனக்கும்தான் ஆசை.

போன கிழமை என் கையில சுடுதண்ணி பட்டுருச்சு. பயப்படாதீங்க, ஆறிடுச்சு. நான் வேல செய்யிற வீட்டு மேடம் ஆஸ்பத்திரி வாசல்ல விட்டுட்டுப் போயிட்டாங்க. டாக்டர் அரபில கேட்டதுக்கெல்லாம் புரியாமலே தலையாட்டினேன், வயித்தையும் ஸ்கேன் பண்ணிட்டாங்க. சிரிக்காதீங்க.

என் பக்கத்துக் கதிரை காலியாவே இருந்துச்சுங்க. அங்க கருப்பாயி அக்காவுக்குப் பக்கத்துல அந்த மாதிரிக் கதிரையில நம்ம பிள்ளை உக்காந்திருப்பா. எவ்வளவு பெரிய மனசு அவளுக்கு!

கொச்சிக்காத் தூள் அனுப்புங்க, இங்க உள்ளது உறைக்கல. மேடம் கூப்பிடுறாங்க. பிள்ளைய இனி ஏசாதீங்க.

பிரேமலதா