நெற்றியில் மூன்று கோடுகள்

என் அன்பு அப்பாவுக்கு,

நூலகப் படிக்கட்டில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். பதினொரு மணிக்கு நம் ஊர்ப் பேச்சாளர் ஐயாவின் படத்தைத் திறக்கப் போகிறார்கள். என்னையும் இரண்டு வார்த்தை பேசச் சொல்லியிருக்கிறார்கள். மடியில், பழைய சேலைத் துணியில் சுற்றிய அட்டைப் படம் இருக்கிறது. போன வாரம் நம் ஸ்டுடியோ பரணில் உங்கள் டிரங்குப் பெட்டியைத் திறந்தபோது கிடைத்தது.

விக்டோரியா ராணி காலத்தில் எடுத்த ஐயாவின் படம். பின்னால் வரைந்த திரை, உயர்ந்த நாற்காலி, தடித்த புத்தகத்தின் மேல் ஒரு கை. அசைந்தால் படம் கெட்டுவிடும் என்று விறைத்த பார்வை. சாதி கூடாது, கைம்பெண்ணுக்கு மறுமணம் வேண்டும் என்று ஊர் ஊராகப் பேசியவர். தன் குல அடையாளம் எதுவும் வேண்டாமென்று விட்டவர். நெற்றி வெறுமையாகத்தான் இருக்கிறது. பாளையங்கோட்டையில் எல்லாரும் மாட்டியிருக்கும், இன்று திறக்கப்போகும் படத்தில் மட்டும் மூன்று திருநீற்றுக் கோடுகள் எப்படி வந்தன?

அட்டையின் பின்னால் உங்கள் எழுத்து. ‘எடுத்தபடி இது. குடும்பத்தார் கேட்டதால் நகலில் நீறு வரைந்தேன்.’ அப்பா, இதை ஏன் என்னிடம் சொல்லவில்லை?

நேற்று விழாவை நடத்தும் அண்ணாச்சியிடம் காட்டினேன். ஐயாவின் கொள்ளுப்பேரன் அவர். முகம் கறுத்துவிட்டது.

“ஏம்மா, மேடையில இதக் காட்டினா உங்க அப்பாவத்தான ஊரு ஏசும்? செத்த மனுசன் பேரக் கெடுக்காத. பேசாம வீட்டுல வச்சிரு.”

“அவரு வேண்டாம்னு விட்டத நாம பூசலாமா அண்ணாச்சி?”

“நெத்தி வெறிச்சுன்னு கெடந்தா எவன் கும்பிடுவான்?”

கொக்கிரகுளம் பாலம் தாண்டும்வரை எனக்குக் கோபம் ஆறவில்லை. உங்கள்மேலும்தான். வீட்டில் உங்கள் படத்தைப் பார்த்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நெகட்டிவில் தூசி விழும் என்று ஒருநாளும் நீறு பூசாத ஆள் நீங்கள். உங்கள் பதினாறாம் நாள் விசேஷத்துக்கு வந்த அத்தை, உங்கள் படத்தைப் பார்த்து, “நெத்தி வெறிச்சுன்னு இருக்குட்டீ” என்று அழுதாள். அவள் மனம் நோகக் கூடாதென்று கம்ப்யூட்டரில் மூன்று கோடு போட்டு மாட்டியவள் நான்தானே?

உள்ளே கூப்பிடுகிறார்கள். மேடையில் முதலில் நான் செய்ததைச் சொல்வேன், அப்புறம் நீங்கள் செய்ததை. அதன் பிறகே துணியை அவிழ்ப்பேன். உங்களை ஏசினால் எனக்குத் தாங்காதுதான், இருந்தாலும் காட்டுவேன். சாயங்காலம் உங்கள் படத்தையும் கழற்றிவிட்டு, எடுத்தபடியே மாட்டுகிறேன். அத்தைக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

உங்கள் கடையை இன்னும் திறந்துவைத்திருக்கும்
மூத்த மகள்,
செல்வி