மீன் பெயர் வைத்த லாமாக்கள்

மச்சாள்,

இன்று காலை குளியல் தொட்டியில் எங்கள் லாமா சூடையின் உரோமத்தை ஊறப்போட்டேன். வெந்நீர் பட்டதும் அந்த மணம் எழுந்தது. ஈரச் சாக்கும் காய்ந்த புல்லும் புழுதியும் கலந்த மணம். உம்முடைய சாம்பல் நிறக் குளிர்ச்சட்டையை எத்தனை தரம் தோய்த்தாலும் போகாமல் இருந்த அதே மணம். கைகளைத் தண்ணீருக்குள் வைத்தபடி, அழுகையோ ஏதோ வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் வரவில்லை. தண்ணீர் பழுப்பானதும் வடியவிட்டுப் புதுத் தண்ணீர் விட்டேன். "கசக்காதையும், சும்மா அமத்தும். கசக்கினால் கட்டிபட்டுப் போகும்" என்று நீர் சொல்வது நினைவிருந்தது. உள்ளங்கையால் அமத்தினேன். நீர் போனதிலிருந்து எனக்கு இப்படித்தான். சொன்னவை எல்லாம் நினைவிருக்கின்றன; அதற்கு மேல் ஒன்றும் நடப்பதில்லை.

என் கணவர், உம்முடைய தம்பி, என்னை விட்டுச் சிட்னிக்குப் போன கிழமை, உங்கள் குடும்பத்தில் ஒருவரும் எனக்குத் தொலைபேசி எடுக்கவில்லை. நீர் மட்டும் என் மல்கிரேவ் வீட்டு வாசலில் சேறு அப்பிய சப்பாத்தோடு வந்து நின்றீர்.

"அழுது முடிச்சிட்டீரோ?"

"இல்லை."

"அப்ப மிச்சத்தை அங்க வந்து அழும். எனக்கு நகம் வெட்டேக்க காலைப் பிடிக்க ஒரு ஆள் வேணும்."

யாருடைய நகம், யாருடைய கால் என்றுகூட நான் கேட்கவில்லை. "அவர் உங்கட தம்பியெல்லோ" என்றேன்.

"ஓம், அவன் என்ர தம்பிதான். அதுக்கு நான் என்ன செய்ய? நீர் என்ர மச்சாள். உடுப்பை எடும்."

ஒரு சனி ஞாயிறு என்று வந்தேன். ஆறு வருடம் இருந்துவிட்டேன்.

உம்முடைய பண்ணை மெல்பேர்னிலிருந்து கிழக்கே இரண்டு மணி நேர ஓட்டம். தகரக் கூரை வீடு, ஒரு கொட்டகை, மூன்று புல்வெளி. ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் காலமெல்லாம் மற்றவர்களுடைய இரத்தத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நீர், கணவர் இறந்தபின் நகரத்து வீட்டை விற்றுவிட்டு அங்கே ஆடு வளர்க்கப் போனீர். நரி குட்டிகளைத் தூக்கியதால் காவலுக்கு இரண்டு லாமா வாங்கினீர். பிறகு ஆடுகளை விற்றீர், லாமாக்கள் பெருகின. திமில் இல்லாத ஒட்டகம் போல நீண்ட கழுத்தும், எதையும் நம்பாத பார்வையும். எல்லாவற்றுக்கும் மீன் பெயர். பாரை, ஒட்டி, திருக்கை, விளைமீன். குறைமாதத்தில் பிறந்து போத்தல் பாலில் வளர்ந்த மண்ணிறக் குட்டிக்குச் சூடை. கூட்டத்தில் மிகப் பெரிய வெள்ளைக் கிடாய்க்கு அறக்குளா.

"ஏன் மச்சாள் மீன் பேர்?"

"நல்ல மீன் வாங்க மெல்பேர்னில ஸ்பிரிங்வேல் வரைக்கும் ஓடோணும். பேரையாவது வாசல்ல நிண்டு கூப்பிடுவம்."

அங்கே அழுவதற்கு நேரம் கிடைக்கவில்லை. விடிந்தால் புல் வைக்க வேண்டும், தண்ணீர்த் தொட்டியில் உறைந்த பனியை உடைக்க வேண்டும். லாமாக்கள் எல்லாம் ஒரே இடத்தில் போய்த்தான் புழுக்கை போடும். அதை அள்ளிக் குவிக்க வேண்டும். நகம் வளர்ந்தால் அவற்றின் காலைப் பிடித்து வெட்ட வேண்டும். வசந்தத்தில் கத்தரித்த உரோமத்தைக் கூடத்தில் விரித்து, முரட்டு மயிரை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, அடியில் இருக்கிற பஞ்சு போன்றதை வேறாக்குவோம். அந்த வேலைக்கு இருவரும் நேரெதிரே கதிரை போட்டு இருப்போம். நீர் உம்முடைய தம்பியைப் பற்றிக் கதைப்பதில்லை. நானும் கேட்பதில்லை. மாலையானால் இரண்டு பேருடைய மடியும் ஒரே நிறமாகிவிடும்.

கணையத்தில் கட்டி என்று அறிக்கை வந்தபோது அதை நீரே வாசித்துப் பொருள் சொன்னீர். குசினியில் நான் கீரை அரிந்துகொண்டிருந்தேன்.

"நல்லா இல்லை, மச்சாள். கனகாலம் இல்லை."

நான் கத்தியைக் கீழே வைத்தேன்.

"லாமாக் கண்காட்சி மார்ச்சில. அறக்குளாவுக்குப் பேர் குடுத்திருக்கிறன். என்னால இழுபட ஏலாது. நீர்தான் கொண்டுபோகோணும்."

அறக்குளாவுக்கு நான் எவ்வளவு பயம் என்று உமக்குத் தெரியும். அவன் என் முகத்தில் இரண்டு தரம் துப்பியவன். ஆனாலும் ஓம் என்றேன். பின்னேரங்களில் நீர் வேலியோரம் கதிரை போட்டு இருந்து எனக்குப் பழக்கினீர். "நேர கண்ணைப் பார்க்காதையும், பக்கமாப் போம். கயிறை இழுக்காதையும். நீர் நடவும், அவர் வருவார்." உம்முடைய சட்டை கிழமைக்குக் கிழமை பெரிதாகிக்கொண்டு போனது.

கண்காட்சி நாள் வெயில். ஒலிபெருக்கிக்காரர் "அராக்கூலா" என்று கூப்பிட, நீர் சக்கர நாற்காலியில் இருந்து வாய் விட்டுச் சிரித்தீர். வெள்ளைச் சட்டையும் கறுப்புக் காற்சட்டையும் போட்டு நான் உள்ளே போனேன். அறக்குளா சின்ன மரப்பாலம் ஏறி இறங்கினான். தடிகளுக்கு நடுவே வளைந்து நடந்தான். எனக்கே நம்ப முடியவில்லை. கடைசியில் ஒரு ஆழமில்லாத தொட்டி, கணுக்கால் அளவு தண்ணீர். அதைப் பார்த்ததும் நான்கு காலையும் மடித்துப் புல்லில் படுத்துவிட்டான். கயிறு என் கையில். நடுவர் காத்துக்கொண்டு நின்றார். சனம் முழுக்கப் பார்த்தது.

வேலிக்கு வெளியே உம்முடைய குரல் கேட்டது. "மச்சாள், நீரும் இரும்!"

"என்ன?"

"அவருக்குப் பக்கத்தில நிலத்தில இரும்!"

இருந்தேன். வெள்ளைச் சட்டையோடு, ஒரு லாமாவுக்குப் பக்கத்தில், அவ்வளவு பேருக்கு முன்னால். சிலர் சிரித்தார்கள், சிலர் கைதட்டினார்கள். அறக்குளா கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்தான். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு பின்னங்காலை ஊன்றி எழும்பினான். நானும் எழும்பினேன். தண்ணீருக்குள் இறங்கி, என் சப்பாத்தும் நனைய, மற்றப் பக்கம் ஏறினான். நேரம் முடிந்திருந்தது. அவனுக்கு ரிப்பன் ஒன்றும் கிடைக்கவில்லை. உரோமப் போட்டியில் சூடைக்கு இரண்டாம் இடம் வந்தது. போத்தல் பாலில் வளர்ந்த பிள்ளை என்று அந்த நடுவருக்கே நீர் விளக்கம் சொன்னீர்.

திரும்பி வருகிற வழியில், பின்னால் இழுவை வண்டியில் அறக்குளா காலால் தட்டிக்கொண்டு வந்தான். நீர் கண்ணை மூடியபடி சொன்னீர்.

"காணி தம்பிக்குப் போகும். அது அப்பான்ர காசில வாங்கின வீட்டை வித்து வாங்கினது. மிருகங்கள் உமக்கு. அவனோட சண்டை பிடிக்க வேண்டாம்."

"ஓம்."

"பசிக்குது. சிப்ஸ் வாங்குவமோ?"

நீர் ஒரு துண்டுதான் சாப்பிட்டீர். மீதியை நான் வீடு வரும்வரை சாப்பிட்டுக்கொண்டு வந்தேன்.

குளிர்காலத்தில் ஒரு காலை, புல் வைத்துக்கொண்டு நிற்கும்போது ஆஸ்பத்திரியிலிருந்து தாதி தொலைபேசி எடுத்தாள். கேட்டேன், நன்றி சொன்னேன். மீதி மூன்று தொட்டிக்கும் புல் வைத்து முடித்துவிட்டுத்தான் சப்பாத்தை மாற்றினேன். ஸ்பிரிங்வேலில் தகனம் நடந்தது. ஒரு அன்ரி என் முதுகைத் தடவி "அழும் பிள்ளை, அழுதால்தான் ஆறும்" என்றா. தலையாட்டினேன். பூக்கள் அழகாக இருந்ததும், ஆரோ ஒருவருடைய கைபேசி அடித்ததும் நினைவிருக்கிறது.

அடுத்த நாள் உம்முடைய தம்பி காணியைப் பார்க்க வந்தார். ஆறு வருடத்துக்குப் பிறகு அவரை அவ்வளவு கிட்டத்தில் பார்க்கிறேன். தலை முழுக்க நரைத்து, உம்முடைய அதே நெற்றியோடு நின்றார். வேலிக்கு அருகில் போனதும் அறக்குளா வந்து, கழுத்தை நீட்டி, அவருடைய முகத்துக்கு முகம் வைத்து மணந்து பார்த்தான். அவர் அசையவில்லை.

"அக்கான்ர மணம் எண்டு நினைச்சிட்டுதோ?" என்று கேட்டார். கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"புதுசா வாற எல்லாரையும் மணக்கும்" என்றேன்.

உண்மை அதுதான், மச்சாள். ஆனாலும் அவர் அதே இடத்தில் நெடுநேரம் நின்றார், அறக்குளாவும் நின்றான். நான் போய்த் தேத்தண்ணி வைத்தேன். குடித்து முடித்தபின், "உரோமம் வெட்டும் வரைக்கும் இரும். பிறகு காணியை விற்பம்" என்றார். சரி என்றேன். சண்டை ஒன்றும் நடக்கவில்லை. நீர் இருந்திருந்தால் எங்கள் இரண்டு பேரையும் பார்த்து என்ன சொல்லியிருப்பீர் என்று யோசித்தேன். அதுவும் வரவில்லை.

பெரும்பாலானவற்றை நல்ல இடங்களில் விட்டேன். அறக்குளா, சூடை, இன்னும் மூன்று என்னோடு. பக்கத்துப் பண்ணைக்காரர் ஒரு புல்வெளியும் அதன் பின்னால் சின்ன வீடும் வாடகைக்குத் தந்தார். கிழமையில் நாலு நாள் ஊர் மருந்துக்கடையில் வேலை. சாப்பிடுகிறேன், நித்திரை வருகிறது. கேட்கிறவர்களுக்கு "பரவாயில்லை" என்கிறேன். அது பொய்யும் இல்லை.

போன ஞாயிறு என் மகள் வந்திருந்தாள். சாமான் வாங்க ஸ்பிரிங்வேலுக்கு அவளுடைய காரில் போனோம். சிவப்பு விளக்கில் நிற்கும்போது என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அம்மா, யூ சவுண்ட் லைக் மாமி." என் குரல் உம்முடையது போல இருக்கிறதாம்.

"நான் ஒண்டும் கதைக்கேல்லையே."

"கதைக்கேல்லை. அந்தச் சத்தம்."

லாமாக்கள் வாய் திறக்காமல் மூக்கால் முனகுவது போல ஒரு ஒலி எழுப்பும். தாய் குட்டியோடும், குட்டி தாயோடும். நீர் கொட்டகைக்குள் போகும்போதெல்லாம் அதே ஒலியில் அவற்றுக்குப் பதில் சொல்வீர். உமக்கே தெரியாமல் குசினியிலும் சொல்வீர். எனக்கு அது ஒருநாளும் வரவில்லை. நீர் பழக்கப் பார்த்தும் வரவில்லை.

நான் வாயை மூடிக்கொண்டேன். ரேடியோ மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

"நிப்பாட்ட வேண்டாம் அம்மா, செய்யுங்கோ" என்றாள்.

வேண்டுமென்று முயன்று பார்த்தேன். வெறும் காற்றுத்தான் வந்தது. விளக்கு பச்சையானது. இன்னும் சில சந்திகள் தாண்டியபின், நான் வெளியே கடைகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அவள் கையை நீட்டி ரேடியோவை நிறுத்தினாள். அப்போது அந்தச் சத்தம் எனக்குத் தெரியாமலே திரும்ப வந்திருக்க வேண்டும்.