ஆத்தா பேர்ல சொன்னது

11-8-78, ஆடி வெள்ளி

என் புருஷன் செத்து ஒன்பது வருஷம் ஆச்சு. பாடையில போனவன் என்னை அடிச்ச அந்தக் கையையும் எடுத்துக்கிட்டுப் போயிருக்கலாம்.

காலையில மாரியம்மன் கோயில்ல கூழ் ஊத்தினாங்க. "மாமா, வேப்பிலையைவிட உங்க தாடி ஜாஸ்தி"னு பூசாரியைக் கிண்டல் பண்ணேன். அவரும் சிரிச்சுக்கிட்டே, வேப்பிலை அடிக்கிறேன்னு கொத்தை என் தலைக்கு மேல ஓங்கினார். அவ்வளவுதான். ரெண்டு கையாலயும் தலையை மூடிக்கிட்டு மண்ணுல சுருண்டுட்டேன். உடம்பெல்லாம் உதறுது. "வேணாம், வேணாம்"னு வாய் கத்துது.

ஆத்தா வந்துட்டான்னு கற்பூரம் கொளுத்துதுங்க, கூறு கெட்ட ஜனம். பம்பைக்காரன் வேற காதுகிட்ட வந்து அடிக்கிறான்.

பக்கத்து வீட்டுக் கன்னியம்மா என் கால்ல விழுந்தா. "தாயே, புருஷன் அடிச்சான்னு என் பொண்ணு வந்து உக்காந்திருக்கா. திருப்பி அனுப்பட்டுமா?"

போன வாரம் நான் அனுப்பாதேன்னு சொன்னதுக்கு, "நீ வாழ்ந்த லட்சணம் தெரியாதா"னு கேட்டவ இவ.

அதுக்குள்ள எனக்குத் தெளிஞ்சுடுச்சு. ஆனா எழுந்திருக்கல. கண்ணைத் தொறக்காமலே, "அனுப்பினே, உன் குடும்பத்தைச் சும்மா விடமாட்டேன்"னேன்.

"அனுப்பல தாயே"னு கன்னத்துல போட்டுக்கிட்டா. என் பேச்சுன்னா கேட்டிருப்பாளா, சனியன்.

ஆத்தா கோவிச்சுக்கிட்டா கோவிச்சுக்கட்டும். எழுத்து இன்னும் கோணுது. அந்தப் பொண்ணு சுவத்துக்கு அந்தப் பக்கம் தூங்குது. குறட்டை கேக்குது.