தூரத்து விளக்கு

கனசாவா, கிழக்குத் தேநீர்த் தெரு
ஆகஸ்ட் 20

அன்புள்ள கென்சாகுவுக்கு,

மிசாவோ எழுதுவது. நான் நலம். உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? உங்கள் மீன்பிடிக் கப்பல் கேப்டவுனில் நிற்கும்போது இது உங்களுக்குக் கிடைக்கும் என்றார்கள்.

ஓபோன் பண்டிகைக்குள் என் இனிப்புக் கடை ஓடாவிட்டால், மூடிவிட்டு மிசாக்கியில் உங்கள் அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவதாகச் சொல்லியிருந்தேன். ஓபோன் முடிந்துவிட்டது. அங்கே எனக்கென்று ஒதுக்கிய மாடி அறையை அண்ணி வேறு யாருக்காவது கொடுக்கட்டும். நான் போகப்போவதில்லை.

முனை இனிப்புக்கடை மொரிஷிதாவை மறந்திருக்க மாட்டீர்கள். நான் கடை திறந்த அன்று, "மீன்காரன் வீட்ல இனிப்பா? வாடை போகுமாம்மா?" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னவர். போன மாதம் தேநீர் ஆசிரியை ஹிரோயோ அம்மா தன் தேநீர் விருந்துக்கு என்னிடம் இனிப்பு செய்யச் சொன்னார். நீலக் கடல்பாசி ஜெல்லிக்குள் மஞ்சள் பயற்று உருண்டை ஒன்றை வைத்துச் செய்தேன். முதல் விருந்தாளி யார் தெரியுமா? அதே மனுஷன்தான்.

தேநீர் விருந்தில் இனிப்பின் பெயரைக் கேட்பது முதல் விருந்தாளியின் வழக்கம் அல்லவா? செய்கிற மும்முரத்தில் பெயர் வைக்கவே மறந்துபோனேன். ஹிரோயோ அம்மா நான் நின்ற சமையற்கட்டுப் பக்கம் திரும்பினார். "தூரத்து விளக்கு" என்று வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். "யாருக்கு ஏத்தின விளக்கும்மா?" என்றார் மொரிஷிதா. "கப்பல்ல இருக்கிறவருக்கு" என்றேன். அவர் துளி மிச்சமில்லாமல் சாப்பிட்டார்.

மறுநாள் காலையிலேயே என் வாசலில் கூட்டம். நல்ல இனிப்பு எங்கே கிடைக்கும் என்று முனையில் விசாரித்தவர்கள். மொரிஷிதா தன் கடையைத் திறந்து வைத்துக்கொண்டே, "எங்கிட்ட எல்லாம் இருக்கு, அந்த விளக்கு இனிப்பு மட்டும் இல்ல. கப்பக்காரர் பொண்டாட்டி கடைக்குப் போங்க" என்று கை காட்டுகிறாராம். இன்றுவரை அப்படித்தான். இந்தத் தெருவில் இதைவிடப் பெரிய மரியாதை ஏது? எனக்குத் தலைகால் புரியவில்லை, ஒளிக்காமல் சொல்கிறேன்.

கம்பெனி இன்னொரு பயணத்துக்குக் கையெழுத்துக் கேட்கிறதாமே, அண்ணி சொன்னார். நான் என்ன சொல்ல, உங்கள் இஷ்டம். ஆனால் இது கோடைக்கு உரிய இனிப்பு. முதல் இலை சிவந்த அன்றே நிறுத்திவிடுவேன். பருவம் தப்பிக் கேட்டால், கேட்பவர் நீங்களே ஆனாலும் கிடையாது.

ஊரே சாப்பிட்டாயிற்று. யாருக்காகச் செய்தேனோ, அவர் மட்டும்தான் பாக்கி.

உங்கள்
மிசாவோ