பூட்டிய வீட்டுக்குப் புகை அடிக்கும் முன்

அனுப்புநர்
சு. சோணையம்மாள், தையல்காரர்,
நடுத்தெரு, மேலத்தோப்புப்பட்டி,
கம்பம் வழி, தேனி மாவட்டம்.

பெறுநர்
செயல் அலுவலர் அவர்கள்,
பேரூராட்சி அலுவலகம், மேலத்தோப்புப்பட்டி.

பொருள்: பக்கத்து வீட்டில் சுவர்க்கோழிப் பூச்சி வளர்ப்பு – நாளை மருந்துப் புகை அடிக்குமுன் கதவைத் திறக்கக் கோருவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் வீட்டோடு ஒரே சுவரில் ஒட்டிய வீட்டில் சுந்தர்ராஜ் என்பவர் தனியாகக் குடியிருக்கிறார். வண்ண மீனுக்கும் கூண்டுப் பறவைக்கும் தீனியாகச் சுவர்க்கோழிகளைப் பிளாஸ்டிக் பெட்டிகளில் வளர்த்துக் கேரளாவுக்கு அனுப்புவது அவர் தொழில். தப்பிய பூச்சிகள் சுவர் விரிசல் வழியாக வந்து, தைக்கக் கொடுத்த பட்டு ரவிக்கைகளை அரித்துவிட்டன. அதன் பேரில்தான் சென்ற மாதம் புகார் கொடுத்தேன். அதில் ஓர் எழுத்தும் பொய்யில்லை.

2. நான் அவர் வாசலில் நின்று சத்தம் போட்ட நாளிலிருந்து, முன்கதவுக்கு வெளியே பூட்டுப் போட்டுவிட்டு, தென்னந்தோப்புப் பக்கம் சுற்றிப் பின்கதவு வழியாக உள்ளே போய்விடுவார். என் வாய்க்குப் பயந்துதான். ஆள் வெளியூர் போய்விட்டதாக நான் நம்ப வேண்டுமாம். நான் நம்பவில்லை, தெரு நம்பிவிட்டது. தங்கள் பணியாளரும் பூட்டைப் பார்த்துக் காலி வீடு என்று எழுதிக்கொண்டு போனார்.

3. ஒரு வாரமாக அவரை யாரும் பார்க்கவில்லை. கைப்பேசி அணைந்திருக்கிறது. பின்கதவு உள்ளே தாழிட்டிருக்கிறது. அவருடைய மொபெட் பின்சுவர் ஓரம் நிற்கிறது. திருப்பூரிலுள்ள வீட்டு உரிமையாளரோ, பேரூராட்சி வரும்வரை கதவில் யாரும் கை வைக்கக் கூடாது என்கிறார்.

4. பெட்டிகளைக் கவனிக்க ஆளில்லாமல் பூச்சிகள் அந்த இருட்டு வீடு முழுக்கப் பரவி, பகலிலும் கத்துகின்றன. நல்லபடியாகப் பேசிக்கொண்டிருந்த காலத்தில் அவரே சொன்னது: "ஆள் அசஞ்சாப் போதும்க்கா, பூராம் வாயடச்சுக்கிரும்." தைத்துக்கொண்டே கேட்டு வருகிறேன். அவர் அடுப்படியில் சத்தம் நிற்கும். வெகுநேரம் கழித்து நடு அறையில் நிற்கும். பிறகு என் தையல் மிஷினுக்கு நேர் பின்னால், சுவரின் அடியில், தரையை ஒட்டி நிற்கும். நடக்கிற ஆளுக்கு அவ்வளவு நேரம் ஆகாது. என் கணவர் சுருளியாண்டி எலி என்கிறார். நேற்று நான் அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். அந்த இடத்துப் பூச்சிகள் மட்டும் சாயங்காலம் வரை கத்தவே இல்லை.

5. நாளைக் காலை ஜன்னல் வழியாக மருந்துப் புகை அடிக்கப்படும் என்று அறிவித்துள்ளீர்கள். அது என் மனுவின் பேரில் வருகிற புகை. இன்று விடிந்ததிலிருந்து சுவருக்குப் பின்னால் பூச்சிச் சத்தம் ஒரு முறைகூட நிற்கவில்லை.

ஆகவே ஐயா, ரவிக்கை பற்றிய என் புகாரைத் திரும்பப் பெறுகிறேன். புகை இயந்திரத்தை நிறுத்திவைத்து, கடப்பாரையோடு இன்றே ஆள் அனுப்பிக் கதவைத் திறக்க வேண்டுகிறேன். உள்ளே வெளிச்சம் இருக்காது. அவர் என் சுவரை ஒட்டித் தரையில்தான் இருப்பார். வருகிறவர்களைப் பார்த்துக் காலெடுத்து வைக்கச் சொல்லவும்.

நாள்: 14.11.2024
இடம்: மேலத்தோப்புப்பட்டி

இப்படிக்கு,
பக்கத்து வீட்டுக்காரி
(ஒப்பம்) சு. சோணையம்மாள்