ஞாயித்துக்கிழமை மலை

மரக்காணம்,
புரட்டாசி முதல் வாரம்.

அன்புள்ள மாமாவுக்கு,

உங்க பொண்டாட்டி வைஜெயந்தி எழுதிக்கிறது. நானும் நம்ம பொண்ணு கலைமதியும் சொகமா இருக்கோம். நீங்க எப்படி இருக்கீங்கன்னு கேட்கத்தான் இந்த லெட்டரே. போன் இருக்கும்போது லெட்டர் எதுக்குடின்னு கேட்பீங்க. போன்ல கேட்டா சிக்னல் இல்லன்னு கட் பண்ணிடறீங்க. பேப்பரை கட் பண்ண முடியாதில்ல? உங்ககூட வடக்கே பனி மலையில ரோடு வேலை செய்யற தேசப்பன், தங்கச்சி கல்யாணத்துக்கு வந்தவரு, செவ்வாக்கிழமை ரயில் ஏறறாரு. அவர் கையில குடுத்தனுப்பறேன்.

இங்க மழை மிரட்டிக்கிட்டே இருக்குது. அளத்துல கடைசி உப்பையும் வாரி அம்பாரமா குவிச்சாச்சு. கரையறதுக்குள்ள ஓலை போத்தணும். போன வருஷம் நீங்க உச்சியில நின்னீங்க, நான் கீழேயிருந்து ஓலையை நீட்டினேன். இந்த வருஷம் ஏறறதுக்கு ஆள் தேடறேன். பாப்பா ஸ்கூலுக்குப் போயிட்டா, டிவியைச் சத்தமா வெச்சுட்டு சமைக்கிறேன். என்ன ஓடுதுன்னு கேட்டா சத்தியமா தெரியாது. வீட்ல ஒரு மனுஷக் குரல் கேட்கணும், அவ்ளோதான்.

நீங்க தையில போனதும், உப்பு மலைதான் பார்த்திருக்கேன், நெஜ மலை காட்டுப்பான்னு பாப்பா அழுதா. நீங்க தங்கற தகர ஷெட்டுக்குப் பின்னாடி நின்னு மலையை ஒரு போட்டோ எடுத்து அனுப்பினீங்க. அதுல இருந்து ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் அதே இடத்துல நின்னுதான் எடுக்கணும்னு சட்டம் போட்டுட்டா. அப்பா அங்கதான் நிக்கறாருன்னு அவளுக்குத் தெரியணுமாம். மொத போட்டோவைப் பார்த்துட்டு நான், ஐயையோ இவ்ளோ வெள்ளையையும் தெறந்து போட்டிருக்காங்களே, மழை வந்தா யாரு ஓலை போத்துவாங்கன்னு கேட்டேன். ஷெட்ல இருக்கறவங்ககிட்ட எல்லாம் சொல்லிச் சொல்லி சிரிச்சீங்க. அந்தச் சிரிப்பு இன்னும் காதுல இருக்குது.

வாரத்துக்கு வாரம் அந்தப் பனி கரைஞ்சுது. ஆடியில மலையோட தலையில மட்டும் கொஞ்சம் நின்னுது. ஆவணியில பார்த்தா திடீர்னு அடிவாரம் வரைக்கும் வெள்ளை. புதுசா கொட்டிடுச்சு போலன்னு நெனச்சேன். அடுத்த வாரமும் அப்படியே, அதுக்கு அடுத்த வாரமும் அப்படியே. எந்த ஊர்லயாவது வெள்ளைக் குவியல் ஒரே மாதிரி நிக்குமா? பழசையெல்லாம் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். பங்குனியில அனுப்பின அதே போட்டோ. ஓரத்துல அதே மஞ்ச லாரி, அதுமேல அதே காக்கா. பொய் சொல்றதுதான் சொன்னீங்க, காக்கா இல்லாத போட்டோவா பார்த்து அனுப்பக் கூடாதா? பாப்பாகிட்ட நான் சொல்லல. எங்கப்பாவோட மலைன்னு இன்னும் எல்லார்கிட்டயும் பீத்திக்கிறா.

எனக்கு மொதல்ல என்ன புத்தி வந்துச்சு தெரியுமா? எவளையோ சேர்த்துக்கிட்டாரு மனுஷன்னு ரெண்டு நாளா உங்களைத் திட்டித் தீர்த்தேன். அப்புறம்தான் ஒன்னு உறைச்சுது. இப்பல்லாம் நீங்க பேசறப்போ பின்னாடி ஃபேன் ஓடற சத்தம் கேட்குது. அந்தக் குளிர்ல எவன் ஃபேன் போடுவான்? வீடியோ கால்ல வாங்கன்னா வர மாட்டேங்கறீங்க.

நேத்து தேசப்பன் வந்தாரு. ஒன்னும் தெரியாதவ மாதிரி, அங்க பனி ஜாஸ்தியா தம்பின்னு கேட்டேன். இப்ப ஏது அண்ணி, வெறும் பாறைதான்னாரு. உங்களுக்கு வாங்கி வெச்சிருந்த செருப்பை எடுத்து அவர் பையில வெச்சேன். செருப்பு வேணாம் அண்ணின்னு வெடுக்குனு சொல்லிட்டாரு. போட்ட காபியைக் கூடக் குடிக்கல. வெளியே போய் கண்ணைத் தொடைச்சுக்கிட்டாரு, நான் பார்த்துட்டேன்.

மாமா, உங்க காலுக்கு என்னமோ ஆயிருக்குது. நீங்க இப்ப மலையிலயே இல்ல, எங்கயோ ஆஸ்பத்திரியில கெடக்கறீங்க. பாறை விழுந்துதோ, வண்டி ஏறிச்சோ, எனக்குத் தெரியாது. எவ்ளோ போச்சுன்னும் தெரியாது. தேசப்பனை நெருக்கிக் கேட்டிருந்தா சொல்லியிருப்பாரு. நான் கேட்கல. உங்க வாயால வரட்டும். ஆனா ஒன்னு, எனக்குப் பயங்கர கோவம். வலியில கத்தறப்போ கூட நான் பக்கத்துல இருக்கக் கூடாதுன்னு முடிவு பண்ண நீங்க யாரு? யாரோ முகம் தெரியாதவங்க உங்களைத் தூக்கி உட்கார வெக்கணும், நான் இங்க டிவிகூடப் பேசிக்கிட்டு இருக்கணுமா?

இந்த லெட்டர் கையில கிடைச்சதும் ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க. மலை வேணாம். நீங்க இருக்கற போட்டோ. நிக்க முடியலன்னா உட்கார்ந்து எடுங்க. உட்கார முடியலன்னா படுத்துக்கிட்டே எடுங்க. பாப்பாகிட்ட நான் சொல்லிக்கிறேன். எந்த ஊர்னு மட்டும் சொல்லுங்க, இந்தி தெரியாட்டியும் வந்து சேர்ந்துடுவேன்.

செருப்பு ஜோடியா பரண் மேல இருக்குது. அதுல ஒன்னு போதும்னாலும் சரி, ரெண்டுமே வேணாம்னாலும் சரி, வாங்க. அம்பாரத்து மேல ஏற எவனாவது கிடைப்பான். கீழ நின்னு என்கூடப் பேசத்தான் ஆள் இல்ல.

மேல்மலையனூர் அங்காளம்மா உங்களை என்கிட்ட கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உங்க முகத்தைப் பார்க்கக் காத்திருக்கற,
வைஜெயந்தி